இழுபடும், ஆனால் எளிதில் அறாது: கோத்துப் பூட்டிய மூலக்கூறுகளால் ஆன பல்பகுதியங்கள் பற்றிய கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். பல்பகுதியங்கள் (சிறு அலகுகள் தொடராக இணைந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) என்ற பாடத்துக்கு வரும்போதெல்லாம், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு விடயத்தைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை. சங்கிலி வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூலக்கூறுகளைக் கொண்டு, இழுத்தாலும் வளைத்தாலும் தாங்கும் பொருட்களை எப்படி உருவாக்குகிறார்கள் என்பதே அது. வகுப்பில் மாணவர்களும், வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கோத்துப் பூட்டிய மூலக்கூறு என்றால் என்ன?

பொற்கொல்லர் சங்கிலி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை வளையமாக வளைப்பார். வாய் திறந்திருக்கும்போதே அதை அடுத்த வளையத்துக்குள் கோப்பார். பிறகு பற்றாசு வைத்து ஊதி வாயை மூடிவிடுவார். இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆனாலும் பிரிக்க வேண்டுமென்றால் ஒன்றை வெட்டியே ஆக வேண்டும்.

மூலக்கூறுகளிலும் அப்படியே. இரண்டு வளைய மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் அதற்குக் கேட்டனேன் என்று பெயர். சங்கிலி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நீண்ட மூலக்கூறு வளையத்தின் நடுவே நுழைந்து, அதன் இரு முனைகளிலும் வளையம் கழன்றுவிடாதபடி பருத்த அணுக்கூட்டங்கள் இருந்தால் அது ரொட்டாக்சேன். திரைச்சீலைக் கம்பியில் வளையம் ஓடுவதையும், கம்பியின் முனைகளில் குமிழ் இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீண்ட சங்கிலியில் பல வளையங்கள் கோத்திருந்தால் பொலிரொட்டாக்சேன்.

இந்த வகைத் தொடர்பைப் பொறிமுறைப் பிணைப்பு என்கிறோம். பிரிவதற்கு ஒரு பங்கீட்டு வலுப்பிணைப்பு (அணுக்கள் இலத்திரன்களைப் பகிர்ந்து உண்டாகும் உறுதியான பிணைப்பு) உடைய வேண்டும். அசைவதற்கு எதுவுமே உடைய வேண்டியதில்லை. மாணவர்களிடம் இந்த வரியைக் கொப்பியில் எழுதச் சொல்வேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வலிமை, விறைப்பு, தாங்குதிறன் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. அப்பளம் விறைப்பானது, விரலால் தட்டினால் நொறுங்கும். கண்ணாடியும் விறைப்பானதே, பெரிய பாரத்தையும் தாங்கும், ஆனால் ஒரு கீறல் விழுந்தால் போய்விடும். பனங்குருத்தோலை மெலிதாக இருந்தாலும் மடித்து முடைந்து பெட்டியாக்கலாம், அதிலே அரிசி சுமக்கலாம். உடைவதற்கு முன் ஒரு பொருள் எவ்வளவு சக்தியை உள்வாங்குகிறது என்பதுதான் தாங்குதிறன். ஒரு கன மீற்றருக்கு இத்தனை யூல் என்று அதை அளப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், மென்மையாக இழுபடும் பொருளைத் தாங்குதிறன் மிக்கதாகவும் ஆக்குவது கடினம். இறப்பரில் குறுக்குப் பிணைப்புகளை, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முடிச்சுகளைக் கூட்டினால் விறைப்பு ஏறும், கிழிவதும் எளிதாகும். குறைத்தால் நன்றாக இழுபடும், ஆனால் தொளதொளத்துவிடும். ஒன்றைப் பெற மற்றதை இழக்க வேண்டிய இந்த நிலையைத்தான் கோத்துப் பூட்டிய மூலக்கூறுகள் மாற்றத் தொடங்கியிருக்கின்றன.

சாதாரண இறப்பர் ஏன் கிழிகிறது?

பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு கீலம் வெட்டி எடுங்கள். கையால் இழுங்கள், நன்றாக நீளும். இப்போது அதன் ஓரத்தில் பிளேட்டால் ஒரு மில்லிமீற்றர் கீறிவிட்டு மறுபடி இழுங்கள். கீறல் முதலில் வாய் திறந்து வட்டமாகும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு ஒரு கணத்தில் குறுக்கே ஓடி இரண்டு துண்டாகிவிடும்.

1839-இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார். இதுதான் வல்கனைசுப்படுத்தல். கந்தகம் இறப்பரின் நீண்ட சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு இணைக்கிறது. முடிச்சுகள் எங்கெங்கே விழும் என்பது தற்செயல். எனவே இரண்டு முடிச்சுகளுக்கு இடையே உள்ள சங்கிலித் துண்டுகளில் சில குட்டையானவை, சில நீளமானவை. இழுக்கும்போது குட்டையானவை முதலில் விறைத்துப் பாரம் முழுவதையும் ஏற்கின்றன. நீளமானவை இன்னும் தளர்ந்தே கிடக்கின்றன. குட்டையானது அறும், பாரம் அடுத்த குட்டையானதற்குப் போகும், அதுவும் அறும். கீறலின் முனையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தகைப்பு (பொருளுக்குள் உண்டாகும் இழுவிசை) முழுவதும் அந்த முனையில் வந்து குவிகிறது.

ஆகவே பொருள் உடைவதற்குப் பிணைப்புகள் பலவீனமாக இருக்க வேண்டியதில்லை. பாரம் சமமாகப் பகிரப்படாவிட்டாலே போதும்.

இதில் வளையங்கள் எப்படி உதவுகின்றன?

கிணற்றுக் கப்பியை வைத்து விளக்குகிறேன். ஜப்பானிய ஆய்வாளர்களும் இதைக் கப்பி விளைவு என்றே சொல்கிறார்கள்.

காரைநகரில் என் அம்மம்மா வீட்டுக் கிணற்றில் இரும்புக் கப்பி இருந்தது. உப்புக் காற்றில் அது அடிக்கடி துருப்பிடித்து இறுகிவிடும். இறுகிய கப்பியில் கயிறு ஓடாது, உரசும். வாளி நிறையத் தண்ணீரோடு இழுக்கையில் பாரம் முழுவதும் கயிற்றின் ஒரே இடத்தில் விழும். அந்த இடத்தில் தும்பு பிரிந்து பிரிந்து, ஒருநாள் கயிறு அறுந்து வாளி கிணற்றில் போயிற்று. பாதாளக்கரண்டி போட்டு வாளியை எடுத்த பிறகு, அம்மம்மா கப்பியின் அச்சில் தேங்காய் எண்ணெய் விட்டுச் சுழலவைத்தார். அதே கயிற்றை முடிந்து போட்டார், பல மாதம் உழைத்தது. கப்பி சுழன்றால் இரு பக்கக் கயிற்றிலும் இழுவை ஏறக்குறையச் சமமாகிவிடும். எந்தப் பக்கமும் தனியாகச் சுமக்காது.

2001-இல் ரோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுஷி ஒகுமுராவும் கோசோ இட்டோவும் இந்தக் கப்பியை மூலக்கூறு அளவில் செய்தார்கள். நீண்ட சங்கிலிகளில் வளையங்களைக் கோத்தார்கள். பிறகு ஒரு சங்கிலியில் உள்ள வளையத்தை அடுத்த சங்கிலியில் உள்ள வளையத்தோடு இரசாயனப் பிணைப்பால் இணைத்தார்கள். எண் 8 போல இரட்டை வளையம். அதன் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சங்கிலி. சங்கிலிகள் எங்கும் முடிச்சுப் போடப்படவில்லை. இழுக்கும்போது சங்கிலி வளையத்துக்குள் வழுக்கி ஓடும். குட்டையாக இருந்த துண்டு பக்கத்திலிருந்து நீளம் வாங்கிக்கொள்ளும், நீளமானது கொஞ்சம் கொடுத்துவிடும். இப்படிச் செய்த கூழ்ப்பொருள் (ஜெல்) தன் நீளத்தைப் போல் சுமார் 20 மடங்கு இழுபட்டது. இதை வழுக்கு வளையக் கூழ் என்று தமிழில் சொல்லலாம் என்பது என் விருப்பம்.

அவ்வளவு சிறிய வளையத்துக்குள் சங்கிலியை யார் கோப்பது?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. பதில் எனக்கு மிகவும் பிடித்தது: யாரும் கோப்பதில்லை, அவை தாமாகவே கோத்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கு ஏற்ற சூழலை அமைப்பதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1960-இல் எட்வர்ட் வாசர்மன் முதல் கேட்டனேனைச் செய்தபோது தற்செயலை நம்பினார். வளையங்கள் நிறைந்த கரைசலில் ஒரு நீண்ட மூலக்கூறின் இரு முனைகளையும் இணைத்தால், ஏதாவது சில இன்னொரு வளையத்தின் ஊடாக மூடிக்கொள்ளும் அல்லவா? மூடிக்கொண்டன, ஆனால் மிக மிகச் சொற்பம். 1983-இல் பிரான்சில் ஜோன்-பியர் சோவாஜும் அவர் குழுவினரும் ஒரு செப்பு அயனை (மின்னேற்றமுள்ள செப்பு அணுவை) நடுவில் வைத்தார்கள். செப்பு அயன் இரண்டு துண்டுகளையும் தன்னைச் சுற்றிச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டது. துண்டுகளை வளையமாக மூடிய பிறகு செப்பை அகற்றினார்கள். கோத்த வளையங்கள் எஞ்சின. கட்டடம் கட்டி முடிந்ததும் சாரத்தைக் கழற்றுவது போன்ற வேலை. 1991-இல் பிரேசர் ஸ்டொடார்ட் ஓர் அச்சில் இரண்டு நிலையங்களுக்கு இடையே வளையம் ஓடிவரும் ரொட்டாக்சேனைக் காட்டினார். இவர்கள் இருவரும், மூலக்கூறு மோட்டார் செய்த பென் ஃபெரிங்காவும் 2016-ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பொருட்கள் செய்வதற்கு வழி திறந்தவர் ஜப்பானின் அகிரா ஹரடா. அவர் எடுத்த வளையம் அல்பா சைக்ளோடெக்ஸ்திரின். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மாப்பொருளின் மேல் ஒரு நொதியம் செயற்பட்டு உண்டாகும் வளையம் அது; 6 குளுக்கோசு அலகுகள் கைகோத்து வட்டமாக நிற்கின்றன. நடுத்துளை ஏறக்குறைய அரை நனோமீற்றர். சங்கிலி, மருந்துகளிலும் அழகுசாதனங்களிலும் சேர்க்கப்படும் பொலிஎதிலீன் கிளைக்கோல். இரண்டும் நீரில் கரையும், இரண்டு கரைசலும் தெளிந்தவை. ஒன்றாகக் கலந்தால், கண்ணெதிரே பால் போலக் கலங்கி வெள்ளைப் படிவு இறங்கும். வளையங்கள் சங்கிலியில் நிறைந்து, நீரில் கரையாத திண்மமாகிவிட்டதன் அடையாளம் அது. வளையத்தின் உட்புறம் நீரை விரும்பாதது. சங்கிலி அதற்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிறகு சங்கிலியின் முனைகளில் பருத்த கூட்டங்களை ஒட்டினால் வளையங்கள் வெளியேற முடியாது. 1992-இல் ஹரடா இதை மூலக்கூறு மாலை என்று அறிவித்தார். கூழுக்கும் கஞ்சிக்கும் போடும் அதே மாப்பொருளிலிருந்து மூலக்கூறு மணிகள் வருவதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

வளையங்கள் கூடினால் பொருள் இன்னும் நன்றாக இருக்குமா?

இருக்காது. சரம் நிறைய மணி கோத்தால் அது வளையாது, கோல் போல நிற்கும். மணிகள் நகர இடமும் இராது. வழுக்கிச் செல்ல வெற்று இடம் வேண்டும். ஆகவே வடிவமைப்பின் நுட்பம் குறைவாகக் கோப்பதில் இருக்கிறது.

2021-இல் இட்டோவின் குழுவினர் வளையங்களை மிகவும் குறைத்து ஒரு கூழைச் செய்தார்கள். அதை நன்றாக இழுத்தபோது வளையங்கள் ஒதுங்கி, வெறுமையான சங்கிலிகள் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கிப் பளிங்காகின. அந்தப் பளிங்குகள் அந்த இடத்தையே வலுப்படுத்தின. விட்டவுடன் பளிங்கு கரைந்து பொருள் பழையபடி சுருங்கியது. இழுக்கச் செலவான சக்தி ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைத்தது. சாதாரணக் குறுக்குப் பிணைப்புள்ள அதே வகைக் கூழைவிடத் தாங்குதிறன் சுமார் 10 மடங்கு.

இயற்கை இறப்பரும் இழுக்கும்போது பளிங்காகி உறுதிப்படும் குணமுடையது. இறப்பர் பாண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். சங்கிலிகள் ஒழுங்காவதில் வெளிவரும் வெப்பம் அது.

இன்னொரு வழியும் உண்டு. 2003-இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கொங் குழுவினர் இரட்டை வலைக் கூழைச் செய்தார்கள். அதில் ஒரு வலை தானே உடைந்து சக்தியை உறிஞ்சி மற்றதைக் காப்பாற்றும். மிகச் சிறந்த வேலை. ஆனால் உடைந்த வலை உடைந்ததுதான். அடுத்த இழுவைக்கு அந்தக் காவல் இல்லை. தினமும் ஆயிரம் முறை மடங்கி நிமிரும் பொருளுக்கு எதையும் பலி கொடுக்காத வழுக்கு வளையமே பொருத்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முழுப் பொருளையும் சங்கிலி வளையங்களாலேயே செய்ய முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 2017-இல் சிக்காகோவில் ஸ்டுவர்ட் ரோவனின் குழு, நாக (துத்தநாக) அயன்களைச் சாரமாக வைத்து, வளையத்துக்குள் வளையமாக நீளும் பல்கேட்டனேனைச் சுமார் 75 சதவீத விளைச்சலோடு செய்தது. முதுகெலும்பே சங்கிலியாக இருக்கும் பல்பகுதியம்.

2025 ஜனவரியில் வந்த செய்தி இன்னும் பெரியது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்டெலின் குழுவினர் ஒரு தட்டையான தாளையே இப்படிப் பூட்டிச் செய்தார்கள். எக்ஸ் வடிவ மூலக்கூறுகளை முதலில் பளிங்காக அடுக்கினார்கள். அடுக்கில் அவை ஒன்றுக்குள் ஒன்று சரியான இடத்தில் நின்றன. பிறகு வேறொரு மூலக்கூறைச் செலுத்தி முனைகளை இணைத்தபோது வலை முழுவதும் பூட்டிக்கொண்டது. பழங்காலப் போர்வீரர் அணிந்த சங்கிலிக் கவசம் போன்ற அமைப்பு. ஒரு சதுர சென்ரிமீற்றரில் 100 இலட்சம் கோடி பொறிமுறைப் பிணைப்புகள். கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண். இதில் வெறும் 2.5 சதவீதத்தை அல்டெம் என்ற வலிய இழையோடு கலந்தபோதே இழையின் உறுதி கூடியது. அரைக் கிலோகிராம் வரை செய்ய முடிந்திருக்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சோதனைக் குழாயை விட்டு வெளியே வரும் வாய்ப்பு அதில் தெரிகிறது. அந்த ஆய்வு வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன், 2024 டிசம்பர் 30-இல் காலமான ஸ்டொடார்ட்டின் நினைவுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது.

இயற்கையில் இப்படி உண்டா?

உண்டு. லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி மணல் ஈ மூலம் பரவுகிறது. இலங்கையிலும் தோல் நோய் உண்டாக்குகிறது. அதன் இழைமணியில் ஆயிரக்கணக்கான டிஎன்ஏ வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து வலையாகக் கிடக்கின்றன. எச்கே97 என்ற, பற்றீரியாவைத் தாக்கும் வைரசின் ஓடு, புரத வளையங்கள் கோத்த கவசம்.

இப்போது எங்கே பயன்படுகிறது?

கீறல் விழுந்தால் தானே மறையும் மேற்பூச்சாக ஜப்பானில் கைத்தொலைபேசிகளில் பயன்பட்டது. நகத்தால் கீறினால் சங்கிலிகள் வழுக்கி விலகுகின்றன, பிறகு மெல்லத் திரும்புகின்றன.

நான் அதிகம் எதிர்பார்ப்பது பற்றரிகளில். லிதியம் அயன் பற்றரியின் மின்வாயில் கிரபைற்றுக்குப் பதிலாகச் சிலிக்கனை வைத்தால் பல மடங்கு மின்னைச் சேமிக்கலாம். ஆனால் மின்னேற்றும்போது சிலிக்கன் 3 மடங்குக்கும் மேல் பருக்கும், இறக்கும்போது சுருங்கும். சில தடவைகளிலேயே தூளாகி உதிர்ந்துவிடும். 2017-இல் தென்கொரியாவில் ஜாங் வூக் சோய், அலி கொஸ்குன் ஆகியோரின் குழு, மின்வாயைப் பிடித்துவைக்கும் பசையில் 5 சதவீதம் பொலிரொட்டாக்சேன் சேர்த்தது. தூளான துகள்களையும் அந்தப் பசை விடாமல் கட்டிப் பிடித்தது. கூரையெங்கும் சூரிய மின்தகடு ஏறிவரும் எங்கள் ஊருக்கு, நெடுநாள் உழைக்கும் பற்றரி எவ்வளவு வேண்டியது என்று சொல்லத் தேவையில்லை.

“ரீச்சர், இதிலே வலை பின்ன முடியுமா?”

குருநகரில் வலை வேலை செய்யும் ஒரு மாணவியின் தந்தை கேட்டது. உடனே பதில் சொல்லவில்லை. யோசித்து அடுத்த வாரம் சொன்னேன்.

ஐயா, கொள்கையளவில் முடியும். பாறையில் சிக்கிய வலை கிழிவதும் நான் மேலே சொன்ன கீறல் ஓடும் கதைதான். ஆனால் இன்று இந்தப் பொருட்களின் விலை நைலோனின் விலைக்கு அருகே வராது. மாப்பொருள் வளையமும் பொலிஎதிலீன் கிளைக்கோலும் மலிவானவையே. முனைகளை அடைப்பதும், மிகுதி வளையங்களைக் கழுவி நீக்குவதும், அளவாகக் கோப்பதும்தான் செலவு. அதோடு கடலில் தொலைந்த வலை ஆண்டுக்கணக்காக மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். அறாத வலை என்றால் அந்தத் தீங்கும் நீளும். எனவே வலைக்கு வேண்டியது உழைக்கும்போது அறாததும், வேண்டிய நேரத்தில் அவிழ்வதுமான பொருள்.

கோத்த மூலக்கூறுகளில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. முனையில் உள்ள அடைப்பை மட்டும் ஒளியாலோ அமிலத்தாலோ கழலும்படி வடிவமைத்தால், வளையங்கள் தாமாகவே உருவி விழுந்து வலை முழுவதும் அவிழ்ந்துவிடும். சங்கிலியெங்கும் உள்ள ஆயிரம் பிணைப்புகளை உடைக்க வேண்டியதில்லை. பிளாஸ்ரிக் கரையொதுங்கிக் கிடக்கும் எங்கள் கடற்கரைகளைப் பார்க்கிறவளாக, தாங்குதிறனைவிட இந்த அவிழும் குணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இலங்கையில் இதற்கு இடம் உண்டா?

1876-இல் ஆசியாவுக்கு வந்த முதல் இறப்பர் கன்றுகளில் பல கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில்தான் நடப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டாக இறப்பரோடு வாழும் நாடு இது. மாப்பொருளுக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் படித்த பிள்ளைகள் வேண்டும்.

இதைப் படிக்க விரும்பும் மாணவர் எதில் கவனம் செலுத்த வேண்டும்?

சேதன இரசாயனத்தோடு வெப்ப இயக்கவியலை விடாமல் பிடியுங்கள். இறப்பர் சுருங்குவதற்குக் காரணம் எந்திரப்பி, அதாவது துகள்கள் பல விதமாகக் கலைந்து பரவி நிற்கும் போக்கின் அளவு. வழுக்கு வளையங்களிலோ சங்கிலிகளின் எந்திரப்பியோடு வளையங்களின் எந்திரப்பியும் சேர்கிறது: ஒரு பக்கம் நெருக்கப்பட்ட வளையங்கள், அடைபட்ட வளி போலப் பரவி நிற்கத் தள்ளுகின்றன. எந்திரப்பியை வெறும் சமன்பாடாக மனப்பாடம் செய்தவருக்கு இந்த இடம் இருட்டாகவே இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா?

உண்டு. தையல் நூல், இரண்டு சிறு தடிகள், சாவி வளையங்கள் போதும். முதலில் இரண்டு தடிகளுக்கும் இடையே ஐந்து நூல்களைக் கட்டுங்கள். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே வேறு வேறு தளர்வோடு முடியுங்கள். தடிகளை மெல்ல விலக்குங்கள். மிகக் குட்டையான நூல் அறும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. ஐந்தும் தனித்தனியாக அறுவது காதிலேயே கேட்கும்.

பிறகு ஒவ்வொரு தடியிலும் மூன்று வளையங்களைக் கட்டிவிட்டு, ஒரே நீண்ட நூலை மேலும் கீழுமாக எல்லா வளையங்களின் ஊடாகவும் ஓடவிட்டு, அதன் இரு முனைகளையும் ஒன்றாக முடியுங்கள். இப்போது இழுங்கள். நூல் வளையங்களில் வழுக்கித் தன்னைத் தானே பங்கிட்டுக்கொள்ளும்; எல்லா இழையும் ஒரே நேரத்தில் விறைக்கும். என் வகுப்பில் மிகப் பலசாலியான பையன் கை சிவக்க இழுத்தும் அது அறவில்லை. பருத்தி நூலே போதும். நைலோன் நூலை எடுக்க வேண்டாம், கையை வெட்டிவிடும்.